பட்டம் பார்த்து ஒரு பட்டினி

கொங்கு மண்ணின் பொதுவாழ்க்கை - தொடர் 23

காலை ஏழு மணிக்கு அவிநாசிக் கடைவீதியில் டீக்கடைக்குப் போனால் பேப்பர் முழுசாக யார் கையிலும் இருக்காது. தாள் தாளாகப் பிரிந்து கிடக்கும். தலைப்புச் செய்தி ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம், பனியன் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிய பையனிடம் சினிமா. மாவட்டச் செய்திகள் வரும் உள்தாள் மட்டும் லேசில் சிக்காது. எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், யார் வண்டி தொலைந்தது எல்லாம் அதில்தான். 2016 பிப்ரவரி வரைக்கும் அத்திக்கடவு தண்ணீர்த் திட்டமும் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் குடியிருந்தது.

அந்தத் தாளுக்கு ஓர் எல்லை உண்டு. அதே பேப்பரைத் திருநெல்வேலியில் வாங்குகிறவருக்கு அந்த இடத்தில் தாமிரபரணி வரும். அவிநாசிக் குளம் வற்றிய சேதி வராது. கோட்டையில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிறவருக்கும் வராது. தமிழ் நாளிதழ்கள் மாவட்டப் பதிப்பு, தாலுகா நிருபர் என்று கிளைவிட்டபோது சின்ன ஊர்ச் செய்திக்கு இடம் கிடைத்தது வாஸ்தவம். கிடைத்த இடத்தைச் சுற்றி வேலியும் போட்டார்கள். அந்த வேலியைத் தாண்டி முதல் பக்கத்துக்குப் போவதற்கு இந்த வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட வழிகளைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

போன இதழில் பெருமாநல்லூரில் நிறுத்தினோம். 1970 ஜூனில் மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடிய விவசாயிகள்மீது போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்த இடம். அவிநாசியிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே கால் மணி நேரப் பயணம். செத்தால்தான் முதல் பக்கம் என்கிற கணக்கை அன்றைக்கு இந்த ஊர்கள் கற்றுக்கொண்டன. அது யாருக்கும் கட்டுபடியாகிற கணக்கு அல்ல.

விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு இரண்டு வருஷத்தில் வேறு கணக்குப் போட்டார். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கோவைக்குள் ஓட்டிவந்து சாலைகளில் அப்படியே நிறுத்திவிட்டார்கள் விவசாயிகள். நகரம் நின்றுபோனது. ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடாமல் வெங்காயம் காய்வதைப் படம் எடுக்க எந்த போட்டோகிராபரும் பஸ் ஏறிப் போகமாட்டார். ஆபீஸ் வாசலிலேயே மாடு அவிழ்த்துக் கட்டியிருந்தால் எடுக்காமல் எப்படி இருப்பார்? தோட்டத்துக்குச் செய்தியாளர் வரமாட்டார் என்பதால் தோட்டத்தையே செய்தியாளரிடம் கொண்டுபோனார்கள்.

அதே 1972-ல் அமெரிக்காவில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1968 அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் எது பெரிய பிரச்சினை என்று கேட்டு, பத்திரிகைகளும் டி.வி.யும் எதற்கு அதிக இடம் கொடுத்தன என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. இன்றைக்கு இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாடம். பேப்பரில் வருவதுதான் பிரச்சினை, வராதது பிரச்சினையே இல்லை என்கிற விஷயம் நம் வண்டிக்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. கட்டுரை எழுத அவர்களுக்கு நேரமில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். பெருமாநல்லூரும் மாட்டுவண்டியும் தேர்தலை ஒட்டி நடந்தவை அல்ல. தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில் பத்திரிகைக்கு வேறு கண் முளைக்கிறது. அதன் முன்னால் போய் நிற்கத் தெரிய வேண்டும் என்ற பாடம் பின்னால் வந்தது. அதைக் கற்றுக்கொடுத்த ஊர் மொடக்குறிச்சி.

1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோட்டுக்குத் தெற்கே மொடக்குறிச்சி தொகுதி. தங்கள் கோரிக்கைகளை எந்த அரசும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கொதித்திருந்த விவசாயிகள் மறியல் செய்யவில்லை, கொடி எரிக்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, வரிசையில் நின்று, சட்டப்படி. இறுதிப் பட்டியலில் 1,033 பேர்.

ஓட்டுச் சீட்டு புத்தகம் ஆனது. சீட்டைப் போட வழக்கமான பெட்டி போதாமல் பெரிய பெட்டிகள் செய்தார்கள். மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, மொடக்குறிச்சி மட்டும் தனியாக ஒரு மாதம் தள்ளி ஓட்டுப் போட்டது. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம் அது. அரசியல்வாதிகளை நடுங்கவைத்த ஆணையத்தைத் துண்டு போட்ட விவசாயிகள் தடுமாறவைத்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகள் மொடக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டின.

செலவைப் பாருங்கள். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை 250 ரூபாய். ஆயிரம் பேருக்கு இரண்டரை லட்சம். அந்தப் பணத்துக்கு ஓர் ஆங்கில நாளிதழில் எத்தனை நாள் விளம்பரம் கொடுத்திருக்க முடியும் என்று அந்தத் தொழிலில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்.

ஆனால் விளம்பரத்தில் நம் வாசகத்தை நாமே எழுதலாம், செய்தியில் முடியாது. மொடக்குறிச்சி பற்றி வந்ததில் பெரும்பகுதி ஓட்டுச் சீட்டின் தடிமன் பற்றி, பெட்டியின் உயரம் பற்றி, ஓர் ஓட்டுகூட வாங்காத 88 வேட்பாளர்கள் பற்றி. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர் என்று நையாண்டி செய்தார்கள். அந்த 88 பேர் ஜெயிக்க நிற்கவில்லையே! தண்ணீரும் விலையும் நாலாவது பத்தியில் வந்தன, சில இடங்களில் வரவே இல்லை. இன்றைக்கும் பொது அறிவுப் போட்டியில் 'அதிக வேட்பாளர்கள் போட்டியிட்ட தொகுதி எது?' என்று கேட்கிறார்கள். எதற்காக நின்றார்கள் என்று கேட்பதில்லை. தொகுதியில் ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

அரசு அந்தச் செய்தியைக் கவனமாகப் படித்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 10,000 என்று ஆனது. சுயேச்சைக்கு முன்மொழிகிறவர் ஒருவர் போதாது, பத்துப் பேர் வேண்டும். அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், புளோரைடு கலந்த தண்ணீர் குடித்து எலும்பு வளைந்த, அன்றைய ஆந்திரத்து நல்கொண்டா மக்களும் 480 வேட்பாளர்களை நிறுத்தியிருந்தார்கள். இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த பதில் அந்தச் சட்டத் திருத்தம். இரண்டரை லட்சத்தில் முடிந்த காரியத்துக்கு ஐம்பது லட்சம் வேண்டியதாயிற்று. அப்படியும் 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் திரண்டு நின்று மொத்தம் 185 வேட்பாளர் ஆனார்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 பொத்தான் பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அங்கே பதவியில் இருந்த எம்.பி. தோற்றார், 2025 ஜனவரியில் அவர்கள் கேட்ட மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்துக்கே வந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பெருமூச்சு கேட்கும்.

இனி அவிநாசிக்கு வருவோம்.

கோவைக்காரருக்கு அவிநாசி என்றால் முதலில் ஒரு சாலை. அவிநாசி ரோடு, விமான நிலையம், ஆஸ்பத்திரி, மில், மேம்பாலம். பக்தருக்கு, முதலை வாய்ப்பட்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்ட தலம். மூன்றாவதாக அது ஒரு திட்டத்தின் பின்பாதிப் பெயர். அத்திக்கடவு, பில்லூர் பக்கம் பவானி ஆற்றங்கரையில் உள்ள இடம். மழைக்காலத்தில் பவானியில் மிஞ்சிப் போகும் தண்ணீரை அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, அன்னூர், அவிநாசி, பெருந்துறை என்று கிழக்கே கொண்டுவந்து குளம் குட்டைகளை நிரப்ப வேண்டும் என்பது காமராசர் காலத்திலிருந்து பேசப்பட்ட கோரிக்கை. எல்லாக் கட்சியும் வாக்குறுதி கொடுத்தாயிற்று. ஆழ்குழாய் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயிற்று. காடு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போனார்கள்.

இதில் செய்தி எங்கே இருக்கிறது? பல வருஷம் அவிநாசி வட்டாரத்துக்குச் செய்தி சேகரித்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "குளம் வத்திக் கெடக்குதுங்கறது நேத்தும் நியூசு, இன்னிக்கும் நியூசு, நாளைக்கும் அதேதானுங்க. டெஸ்குல இருக்கறவன் எத்தனை நாளைக்குப் போடுவான்? நாய் கடிச்சாக்கூடப் புதுசா ஒரு நாய் வேணுமல்லங்க?" அவர் சம்பளக்காரர் அல்ல, அனுப்பும் செய்திக்குத் தக்கபடி சொற்பக் காசு, தீபாவளிக்கு முன்னால் விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு. சாயங்காலத்துக்குள் செய்தி போனால்தான் உள்தாளில் ஏறும். போராட்டக்காரர்கள் அந்த நேரத்தை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தார்களாம். காலையில் ஆர்ப்பாட்டம், மதியத்துக்குள் ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பு, அதில் எத்தனை ஊர், எத்தனை ஏக்கர் என்ற எண்கள், காலிக்குடத்தோடு பெண்கள் முன்வரிசையில் நிற்கும் ஒரு படம். "நான் எழுத வேண்டியதே இல்லீங்க. அவிங்க எழுதிட்டு வந்து குடுத்ததுல கமா மட்டும் போடுவேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. எனக்கு வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. கட்சி ஆபீசுகள் அதையேதான் நாள்தோறும் செய்கின்றன, காரில் வந்து.

காரில் வருகிறவர்கள் வேறொன்றும் செய்ததுண்டு. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில் ஒரே புகழ்மாலை எழுத்துப் பிசகாமல் வெவ்வேறு பத்திரிகைகளில் செய்தியாக வந்ததைப் பி.சாய்நாத் 'தி இந்து'வில் அம்பலப்படுத்தினார். 2010-ல் பிரஸ் கவுன்சில் அதை விசாரித்தது. தேர்தல் ஆணையம் காசுக்குப் போடும் செய்தியைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் குழு அமைத்தது. தேர்தல் நேரத்துப் பத்திரிகைப் பத்திக்கு விலை உண்டு என்பது அப்படி அரசாங்கக் காகிதத்திலேயே ஏறிவிட்டது. காசில்லாத குழு அந்தச் சந்தைக்குள் எதை எடுத்துக்கொண்டு போவது? தன் உடம்பைத்தான்.

2016 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கியது. கட்சிக்கொடி இல்லை. ஒரே கோரிக்கை. முதல் நாள் செய்தி உள்தாள். பந்தலில் படுத்திருப்பவர்கள் சோர்ந்துபோன செய்திகள் வரத் தொடங்கியதும் தாள் மாறியது. சுற்று வட்டாரத்தில் கடையடைப்பு. எல்லாக் கட்சிக்காரர்களும் பந்தலுக்கு வந்து போனார்கள். அவர்கள் பின்னாலேயே கேமராக்கள் வந்தன. வாட்ஸ்அப்பில் பந்தல் படங்கள் எனக்கே ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வரும். பத்து நாளுக்கு மேல் நீடித்தது. ஜெயலலிதா அரசு, திட்டத்தின் விரிவான அறிக்கைக்கான பணிகளுக்கு மூன்று கோடிச் சொச்சம் ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பழரசம் கொடுத்து முடித்துவைத்தார்கள்.

இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பசியைப் பற்றி எழுதினார்கள், ஒற்றுமையைப் பற்றி எழுதினார்கள். இரண்டும் உண்மை. நான் வியப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த மாதத்தை.

அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் தேதியை ஆணையம் அறிவித்தது மார்ச் 4-ல். அறிவித்த நிமிஷத்திலிருந்து நடத்தை விதி. அதற்குப் பிறகு அரசு நினைத்தாலும் புதுத் திட்டம் அறிவிக்க முடியாது. உண்ணாவிரதம் மூன்று வாரம் தள்ளித் தொடங்கியிருந்தால், அதிகாரிகள் பந்தலுக்கு வந்து 'விதி அமலில் இருக்குதுங்க, நாங்க என்ன பண்ண?' என்று கையை விரித்திருப்பார்கள். அதை மறுக்கவும் முடியாது. ஆறு மாதம் முன்னால் தொடங்கியிருந்தால் கோட்டைக்கு அவசரம் இருந்திருக்காது, சென்னைப் பத்திரிகைக்கும் இருந்திருக்காது. தேர்தல் வாசனை அடிக்க வேண்டும். ஆனால் மணி அடித்திருக்கக் கூடாது. அந்த இடைவெளி சில வாரம்தான். ஆடிப்பட்டம் தேடி விதைத்துப் பழகியவர்களுக்கு இதுவும் ஒரு பட்டம் என்று தெரிந்திருந்தது.

மொடக்குறிச்சிக்காரர்கள் பிடித்தது மணி அடித்த பிறகு வரும் பட்டம். அப்போது அரசிடம் கேட்டுப் பயனில்லை. அரசின் கை கட்டப்பட்டிருக்கும். ஆணையத்தின் கையைப் பிடிக்கலாம். அதைத்தான் செய்தார்கள். அதில் பத்திரிகை நிறையக் கிடைக்கும், பலன் கையோடு கிடைக்காது. அவிநாசிக்காரர்கள் பிடித்ததில் பத்திரிகை கொஞ்சம் குறைவு, ஆனால் கொடுக்கக்கூடிய கை திறந்திருந்தது. இதைச் சூழ்ச்சி என்று சொன்ன ஒரு பழைய அதிகாரியை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நாள் பார்த்தவர்தானே அவரும்.

ஆளுங்கட்சிக்கும் பட்டம் தெரியும். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவிநாசிக்கு வந்து திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரி 28. நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 10. இடையில் பத்தே நாள். மத்திய அரசை எதிர்பார்க்காமல் மாநில நிதியிலேயே 1,652 கோடி. அதற்குள் திட்டத்தின் வடிவமே மாறிவிட்டிருந்தது. அத்திக்கடவிலிருந்து தானாக ஓடிவரும் வாய்க்கால் போய், பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீரை எடுத்து, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என்று நீரேற்று நிலையங்கள் வழியாகக் குழாயில் மேலே தள்ளும் திட்டம் வந்தது. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், ஒன்றரை டி.எம்.சி. 1,045 குளம் குட்டைகள். அத்திக்கடவுக்கும் இந்தத் தண்ணீருக்கும் இனிச் சம்பந்தம் இல்லை. பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. அறுபது வருஷம் பேப்பரில் வந்த பெயரை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

வேலை முடிந்து தண்ணீர் திறந்தது 2024 ஆகஸ்ட் 17. ஆட்சி மாறியிருந்தது, மு.க.ஸ்டாலின் சென்னையிலிருந்து காணொளியில் தொடங்கிவைத்தார். செலவு 1,900 கோடியைத் தாண்டியிருந்தது. யாருடைய திட்டம் என்று இரண்டு கட்சிகளும் போட்ட சண்டை தாராளமாகப் பத்திரிகையில் வந்தது. பந்தலில் படுத்திருந்தவர்களின் பெயர் அந்தச் சண்டையில் எங்கும் தட்டுப்படவில்லை.

கடைசிக் காட்சி 2025 பிப்ரவரி 9, அன்னூர் பக்கம் கஞ்சப்பள்ளி. மறுபடியும் பிப்ரவரி, சட்டமன்றத் தேர்தலுக்கு ஓர் ஆண்டு. திட்டத்துக்காகப் பாடுபட்ட அமைப்பினர் எடப்பாடி பழனிசாமிக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். வராத ஒருவர்தான் அந்த வாரத்துச் செய்தி ஆனார். கோபிச்செட்டிப்பாளையத்தின் அ.தி.மு.க. எம்.எல்.ஏ. கே.ஏ.செங்கோட்டையன், விழா அழைப்பிதழிலும் பேனரிலும் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லாததால் போகவில்லை என்றார். அது கட்சி விழா அல்ல, பொது அமைப்பின் விழா என்று பதில் வந்தது. அவ்வளவுதான், டி.வி. விவாதம், கோபி வீட்டு வாசலில் மைக்குகள், அ.தி.மு.க.வில் விரிசல் என்று தலைப்புகள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் அந்தக் கட்சியிலேயே இல்லை.

ஐம்பது வருஷமாகப் பத்திரிகையை எப்படி வரவழைப்பது என்று கற்ற வட்டாரம், மேடை போட்டு, நாற்காலி போட்டு, சாப்பாடும் போட்டது. பத்திரிகையும் வந்தது. பேனரில் இருந்த படத்தையும் பார்க்கவில்லை, குளத்தில் இருந்த தண்ணீரையும் பார்க்கவில்லை. இல்லாத இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

அந்த வாரம் ஒருநாள் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் தாள் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. செங்கோட்டையன் செய்தியை எல்லோரும் முந்தின ராத்திரியே போனில் பார்த்துவிட்டிருந்தார்கள். உள்தாளை வைத்திருந்த பெரியவர், "எங்கூர்க் குட்டைக்கு இன்னும் வரலீங்க, மனுக் குடுத்துருக்குது, போட்டிருக்கானான்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே விரலை எச்சில் தொட்டு நாலாவது பத்திக்குப் போனார்.

(தொடரும்)